என்ஜிசி 1365: ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு பட்டைச் சுருள் கேலக்ஸி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்து மழை மேகம் விலகியதும் எட்டு அங்குல டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வாலிநோக்கம் பக்கம் கடற்கரைக்குப் போவது எனக்குச் சில வருடங்களாகப் பழக்கம். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், வேலை முடித்த மீனவ அண்ணன்மார் வருவார்கள், கீழக்கரையிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. வியாழனைக் காட்டினால் ஆச்சரியப்படுகிறார்கள். என்ஜிசி 1365ஐக் காட்டினால் கேள்வி கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விகள்தான் பிடிக்கும். திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வரிசை எல்லாம் பார்க்கவில்லை, கேட்டவர்கள் கேட்டபடி இருக்கிறது.

என்ஜிசி 1365 என்றால் என்ன?

ஒரு கேலக்ஸி. அதாவது பல்லாயிரம் கோடி நட்சத்திரங்களும் வாயுவும் தூசியும் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு சுற்றுகிற பெரிய தட்டு. நாம் இருக்கும் பால்வீதி ஒரு கேலக்ஸி, இது இன்னொன்று. பெயர் ஏன் எண்ணாக இருக்கிறது என்றால், 1888ல் ட்ரேயர் என்ற வானியலாளர் 7,840 மங்கலான வான்பொருள்களை நியூ ஜெனரல் கேட்டலாக், சுருக்கமாக என்ஜிசி என்ற ஒரே பட்டியலில் தொகுத்தார், அதில் 1365வது இடம் இதற்கு. தெற்கு வானில் ஃபோர்னாக்ஸ் என்ற சின்ன நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் இருக்கிறது. ஃபோர்னாக்ஸ் என்றால் உலை. 1750களில் தென்னாப்பிரிக்காவில் இருந்து தெற்கு வானத்தை அளந்த லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர்.

"பட்டைச் சுருள்" என்று ஏன் சொல்கிறார்கள்?

சுருள் கேலக்ஸி என்றாலே நடுவிலிருந்து கைகள் சுழன்று வெளியே போவதுதான் நினைவுக்கு வரும். சிலவற்றில் கைகள் நடுவிலிருந்து நேராகக் கிளம்புவதில்லை. மையத்தின் குறுக்கே நீளமான ஒரு பட்டை கிடக்கும், அதன் இரண்டு முனைகளிலிருந்து கைகள் வளைந்து போகும். என்ஜிசி 1365ல் இது அவ்வளவு தெளிவாக இருக்கும். இரண்டு முனையிலும் எதிரெதிர்ப் பக்கம் வளைந்த ஒரு பெரிய தூண்டில் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள், நேராக இருக்கும் தண்டு பட்டை, வளைவுகள் இரண்டும் கைகள். இங்கே பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் படத்தைக் காட்டும் முன்பே மணலில் விரலால் வரைந்துவிடுகிறார்கள்.

பட்டை என்பது கெட்டியான பொருள் இல்லை. நட்சத்திரங்கள் வட்டமாகச் சுற்றாமல் நீண்ட முட்டை வடிவப் பாதைகளில் சுற்றுகின்றன, அந்தப் பாதைகள் எல்லாம் ஒரே திசையில் நீண்டு அடுக்கப்பட்டிருப்பதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது பட்டையாகத் தெரிகிறது. தட்டு போல் சுற்றும் நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு சின்னக் கோணல் வந்தாலே ஈர்ப்பு விசை அதை மேலும் மேலும் வளர்த்து இப்படி ஆக்கிவிடும்.

எவ்வளவு தூரம்? எவ்வளவு பெரிசு?

தூரம் சுமார் 5.6 கோடியிலிருந்து 6 கோடி ஒளி ஆண்டு. ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஒரு ஒளி ஆண்டு. அகலம் ஏறக்குறைய 2 லட்சம் ஒளி ஆண்டு, பால்வீதியைப் போல இரண்டு மடங்கு.

இந்த எண்களைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, எனக்கும் முதலில் தோன்றவில்லை. அதனால் இப்படிச் சொல்வேன். 1 ஒளி ஆண்டை 1 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பால்வீதி 1 கிலோமீட்டர் அகலமுள்ள தட்டு ஆகிவிடும், அதை ராமேஸ்வரத்தில் வைத்துவிடலாம். அப்படியானால் 1365 என்பது 2 கிலோமீட்டர் அகலத்தில் சென்னையில் கிடக்கும் இன்னொரு தட்டு, சாலை வழியாக 560 கிலோமீட்டர் போல. இந்த அளவில் நமக்கு மிக அருகில் உள்ள அடுத்த நட்சத்திரம் நாலு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், சூரியனிலிருந்து நெப்டியூன் வரை உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான். கண்ணுக்கே தெரியாது. அதற்குள்தான் பூமி, அதற்குள் இந்தக் கரை.

அவ்வளவு தூரத்தை யார் போய் அளந்தார்கள்?

யாரும் போக வேண்டியதில்லை. இதை எனக்கு முதலில் சரியாகப் புரியவைத்தது கலங்கரை விளக்கம்தான். இரவில் கடலில் இருப்பவருக்கு விளக்கு மின்னும் இடைவெளியை எண்ணினாலே இது பாம்பன் விளக்கா கீழக்கரை விளக்கா என்று தெரிந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் உண்டு. எந்த விளக்கு என்று தெரிந்தால் அதன் உண்மையான பிரகாசம் தெரியும். அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பதை வைத்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று கணக்குப் போடலாம்.

செபீட் என்ற ஒருவகை நட்சத்திரங்களும் இப்படித்தான், சில நாள் அல்லது சில வாரத்துக்கு ஒருமுறை பிரகாசம் கூடிக் குறையும். மெதுவாகத் துடிக்கும் செபீட்டுக்கு உண்மையான பிரகாசம் அதிகம். இந்த உறவைக் கண்டுபிடித்து 1912ல் எழுதியவர் ஹென்ரியெட்டா லெவிட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1990களில் ஹபிள் விண்வெளி டெலஸ்கோப் 1365க்குள் இருக்கும் செபீட் நட்சத்திரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துத் துடிப்பை அளந்தது. அதிலிருந்து வந்ததுதான் 6 கோடி என்ற கணக்கு.

அப்போது நான் பார்ப்பது இன்றைய கேலக்ஸி இல்லையா?

இல்லை. உங்கள் கண்ணில் விழுகிற ஒளி கிளம்பியபோது மனிதன் என்ற பேச்சே கிடையாது. இந்தியத் துணைக்கண்டம் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது, இமயமலை இன்றைய உயரத்துக்கு எழும்பவில்லை. ஆனால் ஒரு விஷயம், இந்தக் கேலக்ஸியின் பட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்ற சுமார் 35 கோடி வருடம் ஆகிறது. அதோடு ஒப்பிட்டால் 6 கோடி என்பது கால் சுற்றுக்கும் குறைவு. ஆகவே இன்றும் அது ஏறக்குறைய இதே உருவத்தில்தான் இருக்கும், சற்றுத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான்.

வானத்தில் எங்கே தேடுவது? எந்த மாதம்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு எழுதப்பட்டவை. லண்டனில் இந்தக் கேலக்ஸி அடிவானத்துக்கு மேல் 3 டிகிரி கூட எழாது, பார்க்கவே முடியாது. டெல்லியில் 25 டிகிரி. நம் கரையிலோ 45 டிகிரி, அதாவது கடலின் விளிம்புக்கும் தலை உச்சிக்கும் சரி பாதியில் வந்து நிற்கும். தெற்கு வானம் நமக்கு இவ்வளவு வசதியாகக் கிடைத்திருப்பது இங்கே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நவம்பரில் நள்ளிரவு வாக்கில் உச்சத்தில் இருக்கும், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், வானம் திறக்காது. டிசம்பர் கடைசியில் இரவு 9 மணி, பொங்கல் நேரத்தில் 8 மணி சுமாருக்கு அந்த உச்ச உயரத்துக்கு வரும். என் அனுபவத்தில் சிறந்த இரவு தை அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் பகலெல்லாம் கூட்டம் அலைமோதும் அதே நாள், நிலா இல்லாத இரவு, மழை முடிந்து கழுவிவிட்ட வானம். அன்று இருட்டியதும் தெற்கே திரும்பி நில்லுங்கள். தை அமாவாசை ஜனவரி கடைசியில் வந்தால் இரவு ஏழரைக்கு இடப்பக்கம் ஒரு பிரகாசமான நட்சத்திரமும் வலப்பக்கம் அதைவிடச் சற்று மங்கிய ஒன்றும் கடலுக்கு மேல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். இடப்பக்கம் அகத்தியர் என்று நம் ஆட்கள் சொல்லும் கனோபஸ், வலப்பக்கம் ஆக்கர்னார். அப்புறம் தென்கிழக்கில் உயரமாக, மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும் வேட்டைக்காரனைக் கண்டுபிடியுங்கள். அந்த மூன்றுக்கு ஒரு பக்கம் சிவந்த திருவாதிரை, மறுபக்கம் நீலம் கலந்த வெள்ளையில் ரைஜெல்.

ரைஜெலுக்கும் ஆக்கர்னாருக்கும் மனதில் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் நடு இடத்திலிருந்து மேற்கே, கையை நீட்டிப் பிடித்தால் மூன்று விரல் அகலம் தள்ளி இருக்கிறது 1365. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. அந்த இடத்தைச் சுற்றி டெலஸ்கோப்பைக் குறைந்த பெரிதாக்கத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டு தேட வேண்டும்.

எந்த ஊர்க் கரை நல்லது?

மன்னார் வளைகுடாப் பக்கம். வாலிநோக்கம், மூக்கையூர், ஏர்வாடியைத் தாண்டிய ஒதுக்குப்புறங்கள், மண்டபத்தின் தெற்குக் கரை. இங்கே தெற்கே பார்த்தால் வெறும் கடல், வாலிநோக்கத்துக்கு நேர் தெற்கே அண்டார்டிகா வரை கரையே கிடையாது, ஆகவே அந்தப் பக்கம் ஊர் வெளிச்சம் என்ற தொல்லையும் இல்லை. தொண்டி, தேவிபட்டினம் போன்ற பாக் ஜலசந்திப் பக்கம் கடல் கிழக்கே இருப்பதால் தெற்குத் திசையில் ஊர் விளக்குகள் குறுக்கிடும். தனுஷ்கோடி எல்லாவற்றையும் விட இருட்டு, ஆனால் மாலைக்கு மேல் வெளியாட்களைத் தங்க விடுவதில்லை, விதியை மீறிப் போகாதீர்கள்.

அண்ணே, படத்தில் நீலமும் ரோஸுமா ஜொலிக்குது, இதில் சாம்பல் பூசின மாதிரி இருக்கே?

ஒன்பதாம் வகுப்புத் தம்பி ஒருவன் கேட்டது. அவனுக்கு மனம் விட்டுப்போனது முகத்தில் தெரிந்தது, அதனால் இதை நான் எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எட்டு அங்குல டெலஸ்கோப்பில், நல்ல இருட்டில், உங்களுக்குத் தெரியப்போவது ஒரு மங்கலான ஒளித்திட்டு. நடுவில் கொஞ்சம் பிரகாசமான புள்ளி, அதன் குறுக்கே ஒரு நீண்ட மங்கல், அதுதான் பட்டை. கண் நன்றாக இருட்டுக்குப் பழகியவர்களுக்கு முனைகளில் கைகள் வளைவது ஓரளவு தெரியும், நாலு அங்குலக் கருவியில் வெறும் புகைத் திட்டு மட்டும்தான். நிறம் தெரியாது. நம் கண்ணில் நிறம் பார்க்கும் செல்களுக்கு நிறைய வெளிச்சம் வேண்டும், மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் தெரியாது. நிலா வெளிச்சத்தில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே மாதிரித் தெரிவது இதனால்தான். கேமரா பல நிமிடம், பல மணி நேரம் ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், கண் அப்படிச் சேர்க்காது.

படத்தில் இருக்கும் நிறத்துக்குப் பொருள் உண்டு. பட்டையும் மையமும் மஞ்சளாக இருப்பது வயதான நட்சத்திரங்களால். கைகள் நீலமாக இருப்பது இளமையான, கொதிக்கும் சூடுள்ள நட்சத்திரங்களால். ரோஸ் புள்ளிகள் ஹைட்ரஜன் வாயு ஒளிரும் இடங்கள், அங்கே இப்போதும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படம் வேறு மாதிரி இருக்கும், அது அகச்சிவப்பு ஒளி, நம் கண்ணுக்கே எட்டாதது. சூடான தூசி ஒளிர்வதைப் பிடித்து அதற்கு நாம் பார்க்கிற நிறங்களைக் கொடுத்திருக்கிறார்கள், அதில் கேலக்ஸியின் எலும்புக்கூடு மாதிரி தூசி இழைகளும் குமிழ்களும் தெரியும்.

பார்க்கும் முறையும் முக்கியம். செல்போனை உள்ளே வைத்துவிட்டு அரை மணி நேரம் இருட்டில் இருங்கள். நேராக உற்றுப் பார்க்காதீர்கள், சற்று ஓரக்கண்ணால் பாருங்கள், இல்லாதது போல இருந்த பட்டை மெதுவாக எழும்பி வரும். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி இருபது நிமிடம் கழித்து மறுபடி வந்து பார்த்தான், இந்த முறை கண்ணை எடுக்கவே இல்லை. அந்த மங்கல் அச்சடித்த படம் அல்ல, 6 கோடி வருடம் பயணம் செய்த ஒளியே அவன் கண்ணுக்குள் வந்து முடிகிறது என்பதை அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவனே சொன்னான்.

பட்டையால் கேலக்ஸிக்கு என்ன வேலை?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடலுக்குள் வளைவாக வலையை விட்டு, இரண்டு பக்கமும் கயிறு பிடித்து ஆட்கள் இழுக்க, இரண்டு இறக்கைகளை ஒட்டியே மீன் நகர்ந்து நகர்ந்து கடைசியில் நடுவில் உள்ள மடிக்குள் போய்ச் சேரும். பட்டையும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. தட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் வாயு பட்டையின் ஈர்ப்பில் சிக்கி ஒன்றோடு ஒன்று மோதுகிறது, மோதும்போது சுற்றும் வேகத்தை இழக்கிறது, வேகத்தை இழந்ததும் பட்டையை ஒட்டியே மையத்தை நோக்கிச் சரிகிறது. படங்களில் பட்டையின் நெடுகே கறுப்பாக ஓடும் இரண்டு கோடுகள் தெரியும், அவைதான் இந்தப் பாதைகள், தூசியும் வாயுவும் நெரிபட்டுக் கிடக்கும் இடம்.

நட்சத்திரங்கள் இப்படிச் சரிவதில்லை. அவற்றுக்கு இடையே அவ்வளவு இடைவெளி இருப்பதால் மோதிக்கொள்வதே கிடையாது, வலைக் கண்ணில் தண்ணீர் போவது போலப் போய்விடும். மாட்டுவது வாயு மட்டும். உள்ளே போன வாயு எல்லாம் மையப் புள்ளி வரை போவதும் இல்லை, மையத்தைச் சுற்றி ஒரு வளையம் போலத் தேங்கி அங்கே ஆவேசமாக நட்சத்திரங்களைப் பெற்றெடுக்கிறது. தூசி மறைப்பதால் சாதாரண ஒளியில் இவற்றில் பல தெரிவதில்லை. ஜேம்ஸ் வெப் அந்தத் தூசியை ஊடுருவி, மிக இளமையான பெரிய நட்சத்திரக் கொத்துகளைக் காட்டிக்கொடுத்தது.

சுற்றச் சுற்ற கைகள் கயிறு மாதிரி இறுகிப் போகாதா?

போக வேண்டும், கைகள் ஒரே நட்சத்திரங்களால் ஆன கயிறாக இருந்தால். உள்ளே இருப்பவை சீக்கிரமும் வெளியே இருப்பவை மெதுவாகவும் சுற்றி வருவதால் சில சுற்றிலேயே இறுகிச் சுருண்டிருக்கும். பாம்பன் சாலைப் பாலத்தை யோசித்துப் பாருங்கள். உச்சியில் கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க வண்டிகள் வேகம் குறைக்கும், அங்கே எப்போதும் ஒரு நெரிசல். ஆனால் காலையில் நெரிசலில் நின்ற வண்டி மாலையில் அங்கே இருக்காது. சுருள் கையும் அப்படி ஒரு நெரிசல், நட்சத்திரங்கள் உள்ளே வரும், மெதுவாகும், வெளியே போகும். வாயு அங்கே நெரியும்போது புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன, அதனால்தான் கைகள் பளிச்சென்று தெரிகின்றன. 1365ல் இந்த நெரிசலைக் கிளப்பிவிட்டுக்கொண்டே இருப்பது பட்டைதான்.

நடுவில் கருந்துளை இருக்கிறதா? எல்லாவற்றையும் விழுங்கிவிடுமா?

இருக்கிறது. எடை சுமார் 20 லட்சம் சூரியன். விழுங்கிவிடாது. அது புதன் கோளின் பாதைக்குள்ளேயே தாராளமாக அடங்கிவிடும் அளவு, கேலக்ஸியோ 2 லட்சம் ஒளி ஆண்டு. பக்கத்தில் போனதுதான் மாட்டும். பால்வீதியின் நடுவில் இருப்பதன் எடை 40 லட்சம் சூரியனுக்கு மேல், ஆனால் நம்முடையது இப்போது பட்டினி கிடக்கிறது, 1365ல் இருப்பது சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. விழும் வாயு சூடேறி ஒளிர்வதால் மையமே பளபளக்கும். இப்படிப்பட்டவற்றை சேஃபர்ட் கேலக்ஸி என்பார்கள்.

2006 ஏப்ரலில் சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப் இரண்டு வாரத்துக்குள் பல முறை இந்த மையத்தைப் பார்த்தது. அதில் ஒருமுறை மட்டும் மையத்தின் எக்ஸ்ரே மறைந்து, அடுத்த பார்வையில் திரும்ப வந்தது. குறுக்கே ஒரு வாயு மேகம் போயிருக்கிறது, கிரகணம் மாதிரி. மேகம் எவ்வளவு சீக்கிரம் மூடித் திறந்தது என்பதை வைத்தே கருந்துளையைச் சுற்றி ஒளிரும் தட்டு எவ்வளவு சின்னது என்று கணக்கிட்டார்கள்.

2012ல் நூஸ்டார், எக்ஸ்எம்எம் நியூட்டன் என்ற இரண்டு விண்வெளி டெலஸ்கோப்புகள் சேர்ந்து பார்த்தன. சுற்றும் தட்டில் உள்ள இரும்பு அணுக்கள் தரும் எக்ஸ்ரே, கருந்துளையின் ஈர்ப்பால் எவ்வளவு இழுபட்டுச் சிதைந்து வருகிறது என்று அளந்து, கருந்துளை எவ்வளவு வேகமாகத் தன்னைத்தானே சுற்றுகிறது என்று 2013ல் அறிவித்தார்கள். ஒரு கருந்துளையால் முடிந்த உச்ச வேகத்தில் குறைந்தது 84 சதவீதம். அவ்வளவு வேகம் சும்மா வராது. வெவ்வேறு திசையில் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்திருந்தால் ஒன்றை ஒன்று அடித்துப்போயிருக்கும், ஆகவே நீண்ட காலம் ஒரே திசையில் சுற்றிக்கொண்டே வாயு விழுந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு கருந்துளைகள் ஒன்று சேர்ந்திருக்க வேண்டும்.

அங்கே நட்சத்திரம் வெடித்ததைப் பார்த்திருக்கிறார்களா?

நாலு சூப்பர்நோவா பதிவாகியிருக்கின்றன: 1957, 1983, 2001, 2012. கடைசியாக வந்தது 2012 அக்டோபர் 27ல் கண்டுபிடிக்கப்பட்டது, எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெள்ளைக் குள்ள நட்சத்திரம் முழுதாக வெடித்துச் சிதறும் வகை. நவம்பர் நடுவில் உச்சப் பிரகாசம், நடுத்தரமான டெலஸ்கோப்புக்கே எட்டும் அளவு. ஆனால் நமக்கு அது அடைமழைக் காலம். அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே ஒவ்வொரு தையிலும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் விடுவதில்லை.

நம் பால்வீதிக்கும் பட்டை உண்டா?

உண்டு. உள்ளேயே உட்கார்ந்திருப்பதால் நமக்கு அது சட்டென்று தெரிவதில்லை. 1990களில் அகச்சிவப்பு ஆய்வுகளில் தடயம் உறுதிப்பட்டது, 2005ல் ஸ்பிட்சர் விண்வெளி டெலஸ்கோப் மூலம் பட்டையின் நீளம் சுமார் 27,000 ஒளி ஆண்டு என்று கணக்கிட்டார்கள். வெளியிலிருந்து நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க 1365 நல்ல உதவி, நம்முடைய பட்டை அதைவிட அடக்கமானது என்றாலும். இன்று நம்மைச் சுற்றியுள்ள சுருள் கேலக்ஸிகளில் மங்கலான பட்டைகளையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை இருக்கிறது.

இதுதான் மிகத் தொலைவில் உள்ள பட்டைச் சுருளா?

இல்லவே இல்லை, வானியல் கணக்கில் 1365 பக்கத்து வீடு. 2023 நவம்பரில் சியர்ஸ் 2112 என்ற ஒரு கேலக்ஸியைப் பற்றி அறிவித்தார்கள். ஜேம்ஸ் வெப் படத்தில் கிடைத்தது, அதன் ஒளி கிளம்பி 1,100 கோடி வருடத்துக்கும் மேல் ஆகிறது. பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 210 கோடிதான் ஆகியிருந்த காலம், அப்போதே அதற்குப் பட்டை இருந்திருக்கிறது. பட்டை உருவாகத் தட்டு அமைதியாக அடங்கியிருக்க வேண்டும், அதற்கு நெடுங்காலம் ஆகும், ஆகவே பழங்காலத்தில் பட்டைகள் அரிது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2008ல் ஹபிள் படங்களை வைத்து நடந்த ஆய்வும் 700 கோடி வருடத்துக்கு முன் ஐந்தில் ஒரு பங்கு சுருள்களுக்கே பட்டை இருந்ததாகக் காட்டியது. இப்போது அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கேலக்ஸி இவ்வளவு சின்ன வயதில் எப்படி அடங்கி ஒழுங்காயிற்று என்பது திறந்து கிடக்கும் கேள்வி.

யார் முதலில் பார்த்தது?

ஜேம்ஸ் டன்லப், 1826, ஆஸ்திரேலியாவின் பாரமாட்டாவிலிருந்து. அவருக்கு அது ஒரு மங்கல் திட்டுதான், கேலக்ஸி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. நீங்கள் கரையில் பார்ப்பதும் அவர் பார்த்ததும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் என்னவென்றால் அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

இது எந்த ராசி?

எந்த ராசியிலும் இல்லை. ராசிகள் சூரியன் போகும் பாதையில் இருப்பவை, இது அதற்கு வெகு தெற்கே இருக்கிறது.

நம் நாட்டில் இதை ஆராய்கிறார்களா?

ஆம். 2015 செப்டம்பர் 28ல் இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட் என்ற செயற்கைக்கோளில் உள்ள புறஊதா டெலஸ்கோப் 1365ஐப் பார்த்திருக்கிறது. அந்தக் கருவியை உருவாக்குவதில் முன்னின்ற பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான் நம் காவலூர், கொடைக்கானல் ஆய்வகங்களையும் நடத்துகிறது. இளம் நட்சத்திரங்கள் புறஊதாவில் பளிச்சென்று தெரியும் என்பதால் கைகளில் எங்கெல்லாம் பிறப்பு நடக்கிறது என்று பார்க்க அது நல்ல வழி.

செல்போனில் படம் எடுக்கலாமா?

செல்போனை மட்டும் வைத்து முடியாது. தானே தேடிக் குறிவைத்துப் பல படங்களை அடுக்கும் சின்ன ஸ்மார்ட் டெலஸ்கோப்புகள் இப்போது வந்திருக்கின்றன, அவற்றில் சில பத்து நிமிடங்களில் பட்டையும் கைகளும் தெளிவாக வந்துவிடும்.

கடற்கரையில் டெலஸ்கோப் கெட்டுப் போகாதா?

கவனிக்காவிட்டால் கெடும். உப்புக் காற்று கண்ணாடியில் படிந்து பனியோடு சேர்ந்து பிசுபிசுப்பாகிவிடும். முதல் வருடம் நான் துண்டால் துடைத்துவிட்டேன், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறி இன்றும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. இப்போது பயன்படுத்தாத நேரமெல்லாம் மூடி வைக்கிறேன். அலை நீர் தெறிக்காத தூரத்தில், பனைகளுக்குப் பின்னால் காற்று மறைவில் நிறுத்துகிறேன். கழுவ வேண்டி வந்தால் காய்ச்சி வடித்த நீரை மெதுவாக ஓடவிட்டுக் காயவைப்பதோடு சரி. வீட்டுக்கு வந்ததும் உலோகத் திருகுகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

இதைப் பார்த்தாயிற்று, அடுத்து?

டெலஸ்கோப்பை எடுத்துவிடாதீர்கள். 1365ஐ விட்டு வடகிழக்கே ஒரு விரல் அகலம் நகர்த்தினால் என்ஜிசி 1399ம் அதைச் சுற்றி மங்கலான சின்ன உருண்டைகளும் ஒவ்வொன்றாக வரும், எல்லாம் கேலக்ஸிகள், ஃபோர்னாக்ஸ் கொத்து என்று பெயர், 1365ம் அந்தக் குடும்பம்தான். அங்கிருந்து தென்மேற்கே போனால் பிரகாசமான என்ஜிசி 1316. வடமேற்கே ஏறினால் என்ஜிசி 1097, இன்னொரு பட்டைச் சுருள், பக்கத்தில் ஒரு குட்டிக் கேலக்ஸியோடு. அதற்கும் மேலே என்ஜிசி 1300, படத்தில் மிக அழகு, நம் கருவியில் மிக மங்கல், பொறுமை வேண்டும். கண் களைத்துவிட்டால் டெலஸ்கோப்பை விட்டுத் தெற்குக் கடலின் விளிம்பைப் பாருங்கள். இரவு ஒன்பது மணி வாக்கில், அலைக்கு மேல் 11 டிகிரி உயரத்தில், மேகத் துண்டு மாதிரி ஒன்று கலையாமல் நின்றுகொண்டிருந்தால் அது பெரிய மெகல்லன் மேகம், வெறும் கண்ணுக்கே தெரிகிற இன்னொரு கேலக்ஸி.